சாம்பிளுக்கு ஒரு கை

படத்தில் விண்கலத்தின் தலைவி கறுப்பு. இதற்காகவே அந்தப் படத்துக்கு ஒரு வருடமாகத் தம்பட்டம். ஸ்டுடியோ வாசலில் மூன்று மாடி உயரத்துக்குக் கதாநாயகியின் முகம், கீழே ‘விண்வெளி எல்லோருக்கும்’ என்று கொட்டை எழுத்து. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு டூப் போட வந்தவள் பால் மாதிரி வெளுப்பு.

பதினோரு வருடமாக நானும் டூப் போடுகிறேன். எல்லாம் முகமூடி போட்ட வேற்றுக்கிரகத்து ஆட்கள். என் நிறத்தில், என் உயரத்தில் இப்போதுதான் ஒருத்தி கதாநாயகியாக வந்தாள். இந்த முறை நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சண்டை மாஸ்டரோ தன் சிஷ்யையைக் கூட்டிவந்தார். “கலர்தானே? பூசிக்கலாம்,” என்றார்.

பூசுகிறவள் என் அக்கா. மேக்கப் அறையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, “கையைக் கொடுடி,” என்றாள்.

“எதுக்கு?”

“ஹீரோயின் மத்தியானம்தான் வருவாங்க. உன் நிறமும் அவங்க நிறமும் ஒண்ணு. உன் கையை வச்சுக் கலர் கலக்கச் சொல்லிட்டார் மாஸ்டர்.”

வேலைக்கு வேண்டாம், சாம்பிளுக்கு மட்டும் வேண்டுமாம். முன்கையில் ஏழு கோடு இழுத்தாள். ஏழாவது கோடு தோலோடு தோலாகக் காணாமல் போனது. அந்தக் கலர்க் கிண்ணத்தை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் சிஷ்யை முதுகில் தேய்க்க ஆரம்பித்தாள்.

“நீயெல்லாம் ஒரு அக்காவா? வெட்கமா இல்ல?”

“வாயை மூடிட்டுப் போ,” என்றாள், திரும்பாமலே.

முதுகு கிழிந்த விண்வெளி உடையில், நாற்பதடி வெள்ளைச் சுவரில் தலைவி சறுக்கி விழ வேண்டும். அந்தப் பெண் சறுக்கினாள். மேலிருந்து கீழ்வரை சுவரில் பழுப்பாக ஒரு பட்டை. எழுந்து திரும்பினால் முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் வந்த கதாநாயகி அந்தப் பட்டையையே பார்த்தாள். “என் நிறத்துல ஒருத்திகூடவா உங்களுக்குக் கிடைக்கல? கிடைச்சதும் கூப்பிடுங்க,” என்று தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டர் என்னைத் தேடி ஓடி வந்தார். “கலர் ஒட்டாம இருக்க மேல ஸ்ப்ரே அடிக்கணும். உங்க அக்கா மறந்துட்டா. அவளை வேலையை விட்டே அனுப்பியாச்சு. நீ ரெடியாகு.”

சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக வேணும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உறுத்தியது. என் கல்யாணத்தன்று, தாலி ஏறுவதற்கு முன்னால்கூட மறக்காமல் என் மூஞ்சியில் ஸ்ப்ரே அடித்தவள் அவள்.

முழங்கால் பட்டை தேடி மேக்கப் அறை அலமாரியைத் துழாவினேன். உச்சித் தட்டில், விக் பெட்டிகளுக்குப் பின்னால், துணியில் சுற்றி ஸ்ப்ரே பாட்டில். மறந்தவள் அதை மேஜையில் அல்லவா விட்டிருப்பாள்? திரும்ப அதே இடத்தில், இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

சுவருக்கு மறுபடி வெள்ளையடித்துக் காயவைத்தார்கள். ஒரே டேக். சுவரில் பொட்டுக் கறை இல்லை. கை தட்டினார்கள், மாஸ்டர் உட்பட. அந்தக் கைகளை ஒடிக்கலாம் போலிருந்தது.

வெளியே அந்த மூன்று மாடி முகத்துக்குக் கீழே, மேக்கப் பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“சுவரு?”

“சுத்தமா இருக்கு. அக்கா, அந்த பாட்டிலு…”

“எந்த பாட்டிலு? எனக்கு மறதி. இனிமே எந்த ஸ்டுடியோவும் என்னை உள்ள விடாது. போதுமா?” பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். “நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?”

“ஏழு.”

“அப்போ நேரத்தோட போய்த் தூங்கு. என் முகத்துலயே முழிக்காதே.”