சூடம் அடித்த கை

அய்யாவு கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன். திடீரென்று நடை தள்ளாடியது. பிறகு ஒரு கண் மங்கியது. "குடிச்ச சம்சு கண்ணையே தின்னுருச்சு" என்றது ஊர். வாயில் சாராய வாடை வருகிறதா என்று ஒருவனாவது மோந்து பார்த்தானா? கட்டிய மனைவி இராஜம்மாவே நம்பவில்லை என்றால் ஊரைச் சொல்லி என்ன?

அய்யாவுவின் தம்பி சபாபதி அங்கே முனீஸ்வரர் கோயில் தலைவர். அண்ணனைச் சாமி முன்னால் நிறுத்தினார். "நான் குடிக்கலடா" என்றார் அய்யாவு. "எந்தக் குடிகாரன் ஒத்துக்கிட்டான்?" என்றார் தம்பி. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று அந்தக் குடிக்காத மனுஷன் சத்தியம் செய்தார். மறுவாரம் கோயில் வாசலிலேயே தள்ளாடி விழுந்தார். சாமி சத்தியத்தையே மீறியவன் என்று பேராகிவிட்டது. அவர் செத்தபோது பாடை தூக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

மகள் புஷ்பவல்லிக்கு அன்று மூண்ட கோபம் தணியவே இல்லை. தணிய விட்டால்தானே. இப்போது அவள் தம்பி வாசுவுக்கும் அதே நடை. பிரிக்பீல்ட்ஸ் லோரி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சபாபதி சும்மா இருப்பாரா? "அப்பன் புத்தி. வெள்ளிக்கிழம சூடம் அடிக்க வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார்.

புஷ்பவல்லி தம்பியையும் அம்மாவையும் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு விரலை நீட்டித் தொடச் சொன்னார். வாசுவின் விரல் கிட்டே போகப்போக நடுங்கி, டாக்டரின் விரலைத் தாண்டிப் போனது. ஸ்கேன் எடுத்தார்கள். கிள்ளானில் பலர் அந்தப் பேரையே கேட்டிராத காலம் அது.

டாக்டர் படத்தை விளக்கில் பிடித்தார். "இது பின்மூளை. இங்க தண்ணிப் பை ஒண்ணு, அதோட ஓரத்துல வெள்ளையா மணி மாதிரி இருக்கு பாருங்க, அதான் கட்டி. குடியெல்லாம் இல்ல. பரம்பரையா வர்ற வியாதி, ரொம்ப அபூர்வம். ஆபரேஷன் செஞ்சா பொழைச்சுக்குவாரு. குடும்பத்துல வேற யாருக்காவது தள்ளாட்டம், கண்ணு போறது, அப்படி இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்கு" என்றாள் புஷ்பவல்லி. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை படத்தோடு கோயிலுக்குப் போனாள். பூஜைக்குக் கூட்டம் நின்றிருந்தது.

"வாசு எங்க?" என்றார் சபாபதி.

"வார்டுல. மூளையில கட்டி. அப்பாவுக்கும் இதேதான்." படத்தை அவர் முகத்துக்கு நேரே டியூப் லைட்டில் பிடித்தாள். "இன்னிக்கு நீங்க சூடம் அடிங்க சித்தப்பா. எங்கண்ணன் குடிக்கல, பொய்ப்பழி போட்டது நான்தான்னு சொல்லி அடிங்க."

"செத்தவரப் பத்தி இப்ப என்ன லா. விடு."

"செத்தவரு மேலதானே பழி இருக்கு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பூசாரி தட்டில் சூடம் ஏற்றி நீட்டினார்; வேறு வழியில்லை. "எங்கண்ணன் குடிக்கல" என்று சபாபதி முணுமுணுத்தார். "சத்தமா" என்றாள் அவள். சத்தமாகவே சொன்னார். பழி போட்டதையும் சொன்னார். பிறகு கையை ஓங்கி அடித்தார்.

கை தட்டுக்கு வெளியே போனது. சூடம் எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். சூடத்துக்குக் கிட்டே போகப்போக கை நடுங்கி, மறுபடியும் தாண்டிப் போனது.

"தலைவரே போட்டுட்டு வந்துருக்காரு போல" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

புஷ்பவல்லி திரும்பினாள். "இப்ப சிரிச்சவன் முன்னால வா. அவரு வாய மோந்து பாத்துட்டுச் சொல்லு." சிரித்தவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள். சூடத்தை அவளே அடித்து அணைத்தாள். உள்ளங்கை எரிந்தது.

சபாபதி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் குடிக்கலம்மா" என்றார்.

"எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு. காலையில கெளம்பி இருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."