சின்ன அறையில் ஹோம் தியேட்டர்

அடுக்குமாடி வீட்டுக்குள் அரண்மனையைத் திணிக்கச் சொல்லும் ஆட்களை அந்த ஆர்க்கிடெக்ட் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்தப் புருஷன் பெண்டாட்டி எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார்கள். பெண்டாட்டி போனில் சேர்த்து வைத்திருந்த படங்கள் ஒன்றில்கூட மனுஷ வாடையே இல்லை. சமையலறைச் சுவரை இடித்துவிட்டு, உயர நாற்காலி போட்ட மேடை வேண்டுமாம். அந்த அம்மாளுக்கோ முட்டி வலி. அதில் ஏறி உட்கார ஏணி வைக்க வேண்டும். புருஷனுக்கு ஹோம் தியேட்டர் இல்லாமல் தூக்கம் வராதாம்.

தியேட்டருக்கு இடம்? மகளுடைய சின்ன அறை. அவளை ஹாஸ்டலில் சேர்க்கப்போகிறார்களாம். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லையாம். "நேரம் பாத்து சொல்லிக்கறோம்" என்று மழுப்பினார்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட்டும் ஜன்னலை அடைத்து வரைந்து முடித்துவிட்டாள்.

கடைசியாக ஒருமுறை அளவு சரிபார்க்க அவள் டேப்போடு போன சாயங்காலம், பள்ளிப் பையைக் கழற்றாமலே மகள் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, என் ரூம்ல ஜன்னல் ஓரமா மேஜை போட்டுத் தருவீங்களா? அங்கதான் வெளிச்சம் நல்லா வருது."

ஆர்க்கிடெக்ட் அப்பாவைப் பார்த்தாள். அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஆன்ட்டி பாத்துக்குவாங்க, நீ போய் முகம் கழுவு" என்று அம்மா பூசி மெழுகினாள். ஆர்க்கிடெக்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் உள்ளே போனதும் அப்பா நைசாகப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன். டிசைனுக்கு அப்படித்தான் வேணும்னு நீங்க சொன்னா கேட்டுக்குவா. நாங்க சொன்னா அழுவா."

"சுவரை இடிக்க நான் ஆள் அனுப்பறேன் சார். பொண்ணுகிட்ட பேசறதுக்கெல்லாம் ஆள் அனுப்பறதில்ல."

வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாள். முகம் துடைத்தபடி வந்த மகளைக் கூப்பிட்டு, "அப்பா உனக்குப் புது வீட்டைக் காட்டப்போறாரு" என்றாள்.

ஆபீசில் ஊரையே அதட்டி வேலை வாங்குகிறவராம். இங்கே விரல் மட்டும்தான் வேலை செய்தது. அவர் விரல் ஹாலைக் காட்டியது, சமையல் மேடையைக் காட்டியது, குளியலறைக் குழாயைக்கூடக் காட்டியது. சின்ன அறைப் பக்கம் மட்டும் போகவே இல்லை. கடைசியில் மகளே விரலை வைத்தாள்.

"இது என் ரூம்தானே? ஏன் தியேட்டர்னு போட்டிருக்கு? ஜன்னலைக் காணோமே?"

அப்பா மென்று விழுங்கி ஒருவழியாக ஹாஸ்டலைச் சொன்னார். ரொம்ப நல்ல ஹாஸ்டல் என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

"லீவுக்கு வந்தா நான் எங்க படுக்கறது?"

அப்பாவுக்கு உயிர் வந்தது. "அதுக்கென்ன கண்ணு, தியேட்டர்ல சோபா போடறோம்ல, விரிச்சா கட்டில். கெஸ்ட்டுக்குன்னே வாங்கறது, முதல் தரம்."

"அன்னைக்கு கெஸ்ட் வந்துட்டா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஆர்க்கிடெக்ட்டைப் பார்த்தார், இதையாவது அவள் சொல்லட்டும் என்று.