மிதித்துக் காட்டு

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த அந்தப் படைக்குப் பஞ்சுதான் ஒரே வைத்தியச் சிப்பாய். உழுத வயலில் இறங்கும்போது காற்று அவனைத் தரதரவென்று இழுத்துப் போய்க் கல்சுவரில் மோதியது. வலது கணுக்கால் மளுக்கென்றது. முறிவா சுளுக்கா என்று பார்க்க அவனுக்கு மனமில்லை. பூட்ஸைக் கழற்றினால் வீங்கிவிடும், திரும்ப மாட்டவே முடியாது. நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்தான். படை பாலத்தைப் பிடிக்கப் போகிறது. அவன் போகாவிட்டால் அங்கே கட்டுப்போட ஆளில்லை. போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டான்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. தரையிறங்கியதும் ஒவ்வொருவனும் வைத்தியன் முன்னால் இரண்டு காலையும் ஓங்கி மிதித்துக் காட்ட வேண்டும். முகம் சுளித்தவன் சண்டைக்குப் போகாமல் மரத்தடியிலேயே தங்கிவிட வேண்டியதுதான். அதனால் முகம் சுளிக்காமல் இருப்பதில் எல்லாருமே கெட்டிக்காரர்கள்.

கடைசியாக மெஷின்கன்காரர் வந்தார். பஞ்சுவின் அக்கா புருஷன். ஜம்மென்று இரண்டு மிதி மிதித்தார்.

"மாமா, ரெண்டு தடவையும் வலது காலையே மிதிச்சீங்க. என்னைப் பார்த்தா பச்சைக் குழந்தை மாதிரி இருக்கா? இடது காலு எங்கே?"

"அது நல்லாத்தான் இருக்கு. அதைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

பஞ்சு அந்த பூட்ஸை லேசாக அழுத்தினான். மாமா வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"மரத்தடிக்குப் போங்க. அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"போறேன் மாப்ளே. முதல்ல நீ எந்திரிச்சு எனக்கு மிதிச்சுக் காட்டு."

இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எழுந்தான். இடதை மிதித்தான். வலதைத் தூக்கியவனுக்கு வைக்கத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. கேப்டன் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் மரத்தடி," என்றார்.

பஞ்சு மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். "சார், அவருக்கு வலது காலு இருக்கு, எனக்கு இடது இருக்கு. சேர்த்துப் பார்த்தா ஒரு முழு ஆளு தேறும். மாமாவோட துப்பாக்கிக்கு நிக்க அதுக்குன்னே மூணு காலு இருக்கு. எனக்கு வேலை கையில. குண்டுப் பெட்டி தள்ளுற வண்டியில எங்களையும் ஏத்துங்க."

கேப்டன் மீசைக்குள் சிரித்தார். "ஏத்தித் தொலைங்கடா."

பாலத்தடியில் மாமாவின் துப்பாக்கி விடாமல் பேசியது. பஞ்சுவிடம் முதலில் தூக்கி வந்தது கேப்டனைத்தான். தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டது. பஞ்சு துணிப் பட்டையைக் காயத்துக்கு மேலே சுற்றி முறுக்கினான். ரத்தம் நின்றது.

கேப்டன் கண்ணைத் திறந்தார். உடனே எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க?" என்றான் பஞ்சு. "முதல்ல மிதிச்சுக் காட்டுங்க."