இரண்டு பாக்கெட் வைத்த கவுன்

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் குரலுக்குப் பயந்துதான் ரயில்கள் நேரத்துக்கு வந்தன. ஓட்டுநர்கள் மறுப்பார்கள், அவர்களுக்கென்ன தெரியும். ஒருமுறை ஒலிபெருக்கியில் தும்மிவிட்டேன், ஒரு நடைமேடைக் கூட்டம் அப்படியே அடுத்த நடைமேடைக்கு ஓடியது. ஊரே என் பேச்சைக் கேட்டு நடந்தது. எதிரே வந்து நின்றால் மட்டும் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

இப்போது குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுகிறேன். பேசும் முயலெல்லாம் என்னிடம் கிடையாது. என் கதைகளில் அப்பாவுக்கு வேலை போகும், அம்மா துணி துவைத்து இடுப்பொடிவாள், பிள்ளை பசியை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் படிக்க ஒரு புத்தகம் வேண்டாமா? வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பேன். எழுத்தில் ஒரு பருக்கைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

எழுதியதை ஆளுக்கொரு குரலில் உரக்க வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். அப்பாவுக்குக் கரகரப்பு, அம்மாவுக்கு இழுவை, குட்டி என்ற சின்னப் பெண்ணுக்குக் கீச்சுக் குரல். நான் ஒருத்தி இருக்கும் வீட்டில் மூன்று பேர் சண்டை போடுவார்கள். சுவரோ அப்பளத்தைவிட மெல்லியது. அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் புதிதாகக் குடிவந்திருந்தார். தனி ஆள். நான் வாசிக்கும் போதெல்லாம் அவருடைய மெஷின் நின்றுவிடும். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். என் கதவு தட்டப்பட்டு எவ்வளவு காலமாயிற்றென்றால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

தையல்காரர் கையில் ஒரு பன்னும் பால் பாக்கெட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. பாப்பாவுக்கு."

"எந்தப் பாப்பாவுக்கு?"

"மறைக்காதீங்க. எல்லாம் கேக்குது. மாப்பிள்ளைக்கு வேலை போனா போகட்டும், புள்ளை என்ன பண்ணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, வந்தது வேறு.

"அவருக்கு இன்னும் ஒண்ணும் அமையலை தம்பி."

பன்னை நான்தான் தின்றேன்; கதையில் குட்டிக்கும் ஒரு பன் கொடுத்தேன். அவர் தந்த பன்னில் ஏழு தலைமுறைக்கும் பசி தீர்ந்திருக்கும்.

அதிலிருந்து அடிக்கடி வந்தார். "மாப்பிள்ளை நேத்து கத்தலையே, உடம்பு சரியில்லையா?" என்பார். "தொண்டை கட்டிக்கிச்சு" என்பேன்; உண்மையில் கட்டியிருந்தது எனக்கு. "யாரையும் வெளிய காணோமே?" என்பார். "கூச்ச சுபாவம்" என்பேன். நாற்காலியில் உட்காரவும் தொடங்கினார். இரண்டாவது நாற்காலியை வாங்கியதற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. கதை முடிந்தால் இவர் வருவதும் முடியுமே என்று அத்தியாயங்களை இழுத்தேன். வேலை தேடிப் போன குட்டியின் அப்பா, என் புண்ணியத்தில், உலகத்திலுள்ள எல்லாத் தெருக்களிலும் நடந்து தேய்ந்தார்.

பிறகு ஒரு மதியம் அவர் நீலத் துணி ஒன்றோடு வந்தார். விரித்தார். ஒரு கவுன்.

"குரலை வச்சே அளவு போட்டேன். ஏழு வயசு இருக்கும், ஒல்லி. பன்னுல பாதியை அம்மாவுக்குன்னு கையிலயே ஒளிச்சு வச்சு நசுங்கிப்போச்சுன்னு அழுதுச்சே. அதான் ஆழமா ரெண்டு பாக்கெட் வச்சிருக்கேன். கூப்பிடுங்க, போட்டுப் பாக்கணும்."

என்னிடம் பொய்க்குப் பஞ்சமே கிடையாது. ஊருக்குப் போயிருக்கிறாள் எனலாம், தூங்குகிறாள் எனலாம். ஆனால் பாக்கெட்டின் ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டிருந்தார்.

"குட்டி இல்லை தம்பி. நான் எழுதுற கதை அது. எல்லாக் குரலும் என்னோடதுதான்."

நம்பவில்லை. "தாத்தா, நான்தான் குட்டி" என்று கீச்சுக் குரலில் சொல்லிக் காட்டினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் விளக்கை அணைத்தது போலாயிற்று.

"அது பசியோட இருக்கேன்னு எனக்கு சோறு இறங்கலைக்கா."

கவுனை மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் வாசித்தால் மெஷின் நிற்கவில்லை; முன்னைவிட வேகமாக ஓடியது. இரண்டாவது நாற்காலியில் காகிதக் கட்டை வைத்தேன். ஊரையே கூப்பிட்ட குரலுக்கு ஒரு சுவரைத் தாண்ட முடியவில்லை.

கடைசி அத்தியாயத்தை எழுதினேன். அப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. எழுத்தில் கூட்டிச் சொல்ல மாட்டேன் என்றேனே. ஆனால் ஒன்றைச் சேர்த்தேன். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, யார் குரலும் இல்லாமல் என் குரலிலேயே வாசித்தேன்.

"பக்கத்து வீட்டுத் தையல்காரர் குட்டிக்கு நீலக் கவுன் தைத்துக் கொடுத்தார். அதில் ஒரு பாக்கெட் இருந்தது."

மெஷின் நின்றது.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் காட்டாமல், ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

திருத்திக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து வாசித்தேன்.