கலந்து விதைத்த பாத்தி

பிரபாவதி ஆட்டுப் புழுக்கையை மண்ணோடு கலந்துகொண்டிருந்தபோது ரகுநாதனின் கார் வந்து நின்றது. கணவன் இறங்கிய விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது.

"கபீல் இல்ல பிரபா. பாகிஸ்தானுக்கு ராஜாளி வேட்டைக்குப் போயிட்டாராம். வர பத்து நாள் ஆகும்னு டிரைவர் மூசா சொல்றான்."

"பாஸ்போர்ட்டு?"

"அவர் பெட்டியிலதான் இருக்கு. சாவி அவர் கையோட போயிருச்சு."

அப்பா நேற்று இறந்துவிட்டார். 'நாளை மாலை நான்கு மணிவரை வைத்திருக்கிறோம், பதில் கொடு' என்று காலையில்தான் தம்பியின் தந்தி வந்தது. இன்று பம்பாய் விமானத்தைப் பிடித்தால் எப்படியும் முகத்தைப் பார்த்துவிடலாம். தோஹாவில் அவர்களுக்கு வீடு இருந்தது, ஏசி இருந்தது, வாசலில் தோட்டம்கூட இருந்தது. விசா கொடுத்த கபீல் கையெழுத்துப் போடாமல் ஊரைவிட்டுப் போக மட்டும் முடியாது. வேட்டைக்குப் போகிறவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மண்வெட்டியை எடுத்துக் கொத்தின இடத்தையே மறுபடி கொத்தினாள்.

"தம்பிக்கு என்னன்னு தந்தி குடுக்கட்டும்?"

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "எனக்காக வச்சிருக்க வேண்டாம்னு குடுங்க."

மறுநாள் பகல் ஒன்றரைக்கு, ஊரில் மணி நான்காகும்போது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த காலையில் பாத்தி தயாராக இருந்தது. இங்கே குளிர் தொடங்கினால்தான் எதுவும் முளைக்கும் என்பதால் அப்பா போன மாதமே ஆள்வழியாக விதை கொடுத்தனுப்பியிருந்தார். அவரை, வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இத்தனை அங்குல இடைவெளி என்று அவர் கையெழுத்து. அவள் எல்லாவற்றையும் பிரித்து ஒரே தட்டில் கொட்டினாள்.

"என்ன இப்படிக் கலந்துட்ட? தனித்தனியா போடணும்னு எழுதியிருக்காரே."

"இன்னைக்கு அங்க பால் தெளிக்கிற நாளுங்க. தம்பி சுடுகாட்டுல நவதானியம் விதைப்பான். ஊர்லயே இருந்திருந்தாலும் பொம்பளைன்னு என்னை வாசலோட நிறுத்தியிருப்பாங்க."



அவள் விதையைத் தூவினாள். சொம்பில் கரைத்து வைத்திருந்த பால்பவுடர் பாலைக் கையால் அள்ளித் தெளித்தாள். மணல் அதை உடனே குடித்துவிட்டது.

ரகுநாதன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து, சொம்பை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.