வால் முளைத்த எழுத்து

...அது எப்படி, மூன்று வருடம் தோண்டியும் சட்டி ஓட்டைத் தவிர ஒன்றும் அகப்படாத அகழாய்வுக் குழியில், வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்த மறுவாரமே வேதாகமத்து அரசன் பெயரோடு ஒரு கல் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் அவள் கணவன் கையிலேயே? அருங்காட்சியகத்தின் பின்னறையில் உள்ளங்கை அகலக் கல்லை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குள் ‘அசல்தான்’ என்று கையெழுத்துப் போட வேண்டும், இந்த ஊரில் அதற்கு வேறு ஆளும் இல்லை, போட்டால் அவருடைய குழி பிழைக்கும், போடாவிட்டால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது... காலையில் காப்பி கொடுத்தபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே, மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் என்ன பயம்? பாவம், பெண்டாட்டியே சோதிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் காப்பி இறங்கும்... மண் படிவு பரவாயில்லை, முதல் எழுத்து சரி, இரண்டாவதும் சரி, மூன்றாவதுக்கு ஒரு வால்.

அந்த வாலை அவளுக்குத் தெரியும். எந்தக் காலத்துக் கல்லிலும் இல்லாத வால், படிக்கிற நாளில் அவளே போட்டது, பழைய எழுத்துகளைப் பார்த்து வரையச் சொன்னபோது கல்லிலிருந்த விரிசலையும் எழுத்தென்று நினைத்து இழுத்துவிட்டாள், ஆசிரியர் விரலை வைத்து, “இதென்ன, குரங்கா?” என்று கேட்க வகுப்பே சிரித்தது. கிழிக்கப்போன தாளை அப்பாதான் பிடுங்கி, சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார், காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, போதகர் என்றால் மட்டும் விதிவிலக்கா... அப்படியானால் மாமனார் வீட்டுச் சுவரைப் பார்த்து இவரா? இவர் அந்த வீட்டுப் படியேறி இரண்டு வருடமாகிறது, பிரசங்கத்துக்குப் பயந்து எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். குழிக்கு வந்தது அப்பாதான், கல் கிடைப்பதற்கு முந்தின நாள், ஜெபம் பண்ண வேண்டுமென்று, கையில் அந்தப் பெரிய தோல்பையோடு... சீ, பெற்ற தகப்பனைப் பற்றி என்ன நினைப்பு இது.

போன் அடித்தது. அப்பாதான்.

“கையெழுத்துப் போட்டாச்சாம்மா? ஞாயித்துக்கிழமை சபையில சொல்லணும். வேதம் கட்டுக்கதைன்னு சொன்னவங்க வாயெல்லாம் அடைச்சிடும்.”

“அப்பா, அந்தப் படம் இன்னும் இருக்கா?”



“அது இப்ப எதுக்கு... முதல்ல நீ வேலைய முடி.”

பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், காலையிலிருந்து சந்தேகப்பட்டதற்குக் கணவனிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டாள்... எந்தப் படம் என்று அப்பா கேட்கவே இல்லை.