நாலு அங்குலம்

பேராசிரியர் ஞானசிகாமணியின் ஐம்பதாவது ஆய்வுக் கட்டுரைக்குப் பாராட்டு விழா. குழந்தைகளின் உடல் பருமன் என்று யாராவது வாயைத் திறந்தால், தேனிப் பக்கம் அவரைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நான், ஜோதிலட்சுமி, ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் காலையிலிருந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. நாற்காலி என்ன, செருப்பைத் துடைக்கச் சொன்னாலும் துடைத்திருப்பேன்.

ஐம்பது கட்டுரை என்றால் ஐம்பது ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஹாலில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எடையும் உயரமும் எடுத்தோம். அந்த ஒரே ஆட்டை அவர் பத்தொன்பது கூறு போட்டார். பையன்களுக்கு ஒரு கட்டுரை, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, டிவி பார்க்கிறவர்களுக்கு ஒன்று, ஆட்டோவில் வருகிறவர்களுக்கு ஒன்று. அதிலும் அது செத்த ஆடு.

உயரம் அளக்கும் டேப்பைச் சுவரில் ஒட்டியது நான். சுவரின் அடியில் நாலு அங்குல டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்ததால் டேப் மடங்கியது. சரி, பட்டைக்கு மேலிருந்து ஒட்டிவிட்டு, நாலு அங்குலத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட்டவே மறந்துவிட்டேன். காகிதத்தில் ஒவ்வொரு பிள்ளையும் நாலு அங்குலம் குள்ளமானது. எடை அப்படியே இருந்து உயரம் மட்டும் குறைந்தால் ஒல்லிப் பிள்ளையும் குண்டுதான். மூன்றில் ஒரு பிள்ளைக்கு உடல் பருமன் என்று கணக்கு வந்தது.

போன வருடம் நான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது ஐந்து கட்டுரைகள் அச்சாகியிருந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"நாலு இஞ்சுதானேம்மா. அஞ்சு பேப்பர வாபஸ் வாங்குனா எனக்கு என்ன மரியாதை? ஒன் தீசிஸும் இதே டேட்டாதான். அத நெனச்சியா?"

நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானும் ஒரு கை சோறு அள்ளிப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கத்திலும் அசிங்கம். குண்டுப் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியில் வாசித்து, பெற்றோரைக் கூப்பிட்டுச் சோற்றைக் குறைக்கும்படி அவர் ஆலோசனை சொன்னார். அஞ்சாம் வகுப்பு பெனிஷாவின் அம்மா ஜான்சி, தேனி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவர். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மகளுக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். ஆறே மாதத்தில் முப்பத்தொரு கிலோ இருபத்தாறு ஆனது. பிள்ளை பிரேயரில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அந்த ஐந்து கிலோவை வைத்துத்தான் அவர் ஐம்பதாவது கட்டுரையை எழுதினார். ஆலோசனைக்குக் கிடைத்த வெற்றியாம்!

விழாவில் பெனிஷாவை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். அந்தத் தோளில் சால்வை நிற்கவில்லை.

"இந்தப் பிள்ளையப் பாருங்க. அடுத்த மாசத்துல இருந்து ஸ்கூல் பூராவும் இந்தத் திட்டந்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

போட்டோவுக்காகப் பெனிஷாவைச் சுவரோரம் நிறுத்தி அளக்கச் சொன்னார். டேப் இன்னும் அதே இடத்தில்தான் ஒட்டியிருந்தது. கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சார், மொதல்ல நீங்க நில்லுங்க. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

போட்டோ என்றால் அவர் எங்கேயும் நிற்பார். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற, தொப்பை இல்லாத மனிதர். ஷூவைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். பிறகு சுவரோரம் விறைப்பாக நின்றார். நான் மைக்கை வாங்கினேன்.

"எடை எழுபது. ஒயரம் நூத்தி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர். சார், ஒங்க அட்டவணைப்படி ஒங்களுக்கு உடல் பருமன்."

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"ஏம்மா, நான் நூத்தி எழுபத்தஞ்சும்மா."

அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் நாலு அங்குலம். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் செத்தது.

இரண்டாவது வரிசையில் ஜான்சி எழுந்து நின்றார்.

"அப்ப அந்த டேப்பு தப்பா?"

"தப்புதான்க்கா."

"எம்புள்ள குண்டு இல்லயா?"

"என்னைக்குமே இல்லக்கா."

"சோறு கேட்டு அழுதாளே. வாய்லயே அடிச்சேனே பாவி." மகளைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். "யாரு அங்கன இத ஒட்டுனாக?"

பேராசிரியர் விரலை என் பக்கம் நீட்டினார். ஐம்பது கட்டுரைகளில் சொல்லாத உண்மையை அவர் அப்போதுதான் சொன்னார். அதையும் பாதிதான் சொன்னார்.

"ஒட்டுனது நான்தான்க்கா" என்றேன். "தெரிஞ்சும் ஒரு வருசமா சொல்லாம இருந்ததும் நான்தான்."